சவுண்டுதானே, அப்புறம் பார்க்கலாம்

போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்தேன். பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கும் உறவுக்காரப் பையன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பையன் என்றால் நாற்பது வயது இருக்கும். வயசான காலத்தில் நான் லினக்ஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது உறவுக்குள் எல்லோருக்கும் தெரிந்த வேடிக்கை. "மாமா, நானும் புது லேப்டாப்ல லினக்ஸ் போட்டேன். சூப்பரா ஓடுது. சவுண்டு மட்டும் வரலை. சவுண்டுதானே, அப்புறம் பார்க்கலாம்னு விட்டுட்டேன்" என்றான்.

பந்தி வந்துவிட்டது. சாம்பார் சாதத்துக்கு நடுவே சண்டை போடக்கூடாது என்று பேசாமல் இருந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த 'சவுண்டுதானே' மனசை விட்டுப் போகவில்லை. அதனால் இங்கே போடுகிறேன் சண்டையை. அந்தப் பையனோடு மட்டும் இல்லை. இதை ஒரு கொள்கை மாதிரி வைத்துக்கொண்டு இயங்குதளம் செய்கிறவர்களோடும்தான்.

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். கணினியில் ஒலி நின்று போவது, திரை கறுத்துப் போவதற்குச் சமமான பழுது. அதற்குக் குறைந்ததாக அதை நடத்துகிறவர்கள் தவறு செய்கிறார்கள்.

நான் 1976-ல் தொலைபேசித் துறையில் சேர்ந்து 2013-ல் ஓய்வு பெற்றவன். முதல் பத்து வருடங்கள் ஸ்ட்ரோஜர் எக்ஸ்சேஞ்சில். அந்த அறைக்குள் நின்றவர்களுக்குத்தான் தெரியும், ஆயிரக்கணக்கான செலக்டர்கள் கடகடவென்று ஏறி இறங்கும் சத்தம். அங்கே நான் கற்ற முதல் பாடம், சந்தாதாரரை ஒருபோதும் மௌனத்தில் விடக்கூடாது என்பது. ரிசீவரை எடுத்தால் டயல் டோன். அந்தப் பக்கம் மணி அடித்தால் இந்தப் பக்கம் ரிங் பேக் டோன். லைன் பேச்சில் இருந்தால் பிஸி டோன். இல்லாத நம்பரைச் சுழற்றினால் அதற்கென்று ஒரு தனி டோன். 'உன் கால் போகவில்லை' என்பதைக்கூட ஒரு சத்தமாகத்தான் சொன்னோம். ஒன்றுமே கேட்கவில்லை என்றால் லைனே செத்துவிட்டது என்று அர்த்தம். உடனே பக்கத்து வீட்டுப் போனிலிருந்து 198-க்குப் புகார் வந்துவிடும்.

இந்த டோன்களையும் மணியையும் உண்டாக்க ரிங்கர் மெஷின் என்று ஒன்று இருக்கும். எப்போதும் இரண்டு வைத்திருப்பார்கள். ஒன்று மின்சாரத்தில் ஓடும். அது நின்றால் பாட்டரியில் ஓடும் இன்னொன்று தானாக எடுத்துக்கொள்ளும், கூடவே அலாரமும் அடிக்கும். டோன் போனால் அது அவசரம். நள்ளிரவானாலும் ஓட வேண்டும். 'டோன்தானே, காலையில் பார்க்கலாம்' என்று ஒரு ஜூனியர் சொல்லியிருந்தால் எங்கள் சூப்பர்வைசர் அவனை என்ன செய்திருப்பார் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

இனி அண்ணாச்சி கதை.

அண்ணாச்சி என்னைவிட நாலு வயது மூத்தவர். பிறவியிலேயே பார்வை கிடையாது. ஒரு வங்கியின் கிளையில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய போர்டில் ஏதாவது கோளாறு என்றால் நான்தான் போவேன், அப்படி ஆரம்பித்த பழக்கம். ஊரில் எந்த நம்பரைச் சொன்னாலும் யாருடையது என்று சொல்லிவிடுவார். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். விசைப்பலகையில் அவர் விரல் ஓடுவதைப் பார்த்தால் நமக்குக் கண் இருப்பதே வீண் என்று தோன்றும்.

அவரிடம் ஒரு மடிக்கணினி இருந்தது. விண்டோஸில் என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பான் போட்டு வைத்திருந்தார். திரையில் இருப்பதைக் குரலாகச் சொல்லும் நிரல். நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் விண்டோஸ் நாளாக நாளாக ஆமையாகிவிட்டது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். 'அண்ணாச்சி, லினக்ஸ் போட்டுத் தாரேன், பறக்கும்' என்றேன். போட்டும் கொடுத்தேன். அதில் ஓர்கா என்ற திரைவாசிப்பானும், தமிழும் ஆங்கிலமும் படிக்கும் ஈஸ்பீக் குரலும். ஈஸ்பீக்கின் தமிழ், தொண்டையில் தகரம் மாட்டியது மாதிரி இருக்கும். ஆனால் எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் சொல் புரியும். அதுதான் அவருக்கு வேண்டியது. காலையில் கணினி தினசரிகளைப் படிக்க, காப்பி குடித்துக்கொண்டே அவரும் மதினியும் கேட்பார்கள். மத்தியானம் உட்கார்ந்து தன் வங்கி வாழ்க்கையை டைப் அடித்துக்கொண்டிருந்தார்.

2021 மே மாதம். ஊரடங்கு. எங்கள் வீட்டில் மனைவிக்குத் தொற்று, வாசலில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். நான் ஜங்ஷன் பக்கம், அவர் பாளையங்கோட்டை. நடுவே சுலோச்சன முதலியார் பாலம். நடந்தே போய்விடும் தூரம்தான், ஆனால் அந்த மாதம் அது வேறு தேசம். ஒரு நாள் சாயங்காலம் அவரிடமிருந்து போன்.

"தம்பி, பெட்டி பேச மாட்டேங்குது. நான்தான் எதையோ அமுக்கிட்டேன் போல. ஒம்பது நாளாச்சி. உம்ம வீட்டுல சுகமில்லாத நேரத்துல தொந்தரவு பண்ண வேண்டாம்னு இருந்தேன்."

ஒன்பது நாள்! அந்த ஒன்பது நாளும் அவர் என்ன செய்தார் என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். தினமும் காலையில் பவர் பட்டனை அழுத்துவார். பக்கவாட்டில் காற்று வரும் துளையில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். சூடாக இருந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். பாஸ்வேர்டை அடிப்பார். பேச்சு இருக்காது. அணைத்துவிடுவார். பெட்டி செத்துவிட்டதா, ஊமையாகிவிட்டதா, தான் தப்பு செய்தோமா, அவருக்குத் தெரிய வழியே இல்லை. கடைசியாக அவர் செய்தது ஒன்றே ஒன்று. 'புதிய மேம்படுத்தல்கள் உள்ளன' என்று அது சொன்னதை நம்பி, சரி என்று அழுத்தினார். அவ்வளவுதான்.

மதினியை வாட்ஸ்அப் வீடியோவில் வரச் சொன்னேன். மதினிக்கு ஆங்கில எழுத்து தெரியாது, அதனால் கைப்பேசியைத் திரைக்கு நேரே பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அண்ணாச்சி விசைப்பலகையில். நான் இங்கே கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு. அவர் விரல், மதினி கை, என் கண். மூன்று பேர் சேர்ந்து ஒரு ஆள்.

கன்ட்ரோல், ஆல்ட், டி. முனையம் திறந்தது. கர்னலின் நாட்குறிப்பைக் காட்டும் டி.எம்.இ.எஸ்.ஜி. கட்டளையை அடிக்கச் சொன்னேன். திரை முழுக்க வரிகள் ஓடின. "மதினி, கொஞ்சம் கிட்ட... லைட்டு அடிக்குது, சாய்ச்சுப் பிடிங்க... இல்ல, அந்தப் பக்கம்..." இருபது நிமிடம் இப்படிப் போனது. கடைசியில் சிவப்பு எழுத்தில் கிடைத்தது ஒரு வரி. எஸ்.ஓ.எஃப். ஃபர்ம்வேர் கோப்பைக் காணவில்லை, பதிவிறக்கிப் போடவும் என்ற அர்த்தத்தில்.

அண்ணாச்சியிடம் படித்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் சிரித்தார். "காரணத்தை எழுதித்தான் வச்சிருக்கா? எங்க, திரையிலயா? கண்ணு தெரியாதவன் காதையும் அடைச்சிட்டு, எதுக்கு அடைச்சேன்னு சுவத்துல எழுதி வச்ச மாதிரில்லா இருக்கு தம்பி."

இந்த ஒரு வாக்கியத்தை எந்தப் பொறியாளர் கூட்டத்திலும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விளக்குகிறேன். தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். இன்றைய பல மடிக்கணினிகளில் ஒலியைக் கையாள, சில்லுக்குள்ளேயே ஒரு குட்டிச் செயலி இருக்கிறது. மூடியில் இருக்கும் டிஜிட்டல் மைக் அதோடுதான் இணைந்திருக்கும். அந்தச் செயலி எழுந்து வேலை செய்ய அதற்கென்று ஒரு சிறு நிரலைக் கர்னல் ஊட்ட வேண்டும். அதுதான் ஃபர்ம்வேர். சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர் என்ற திறந்தமூலத் திட்டம் 2018-ல் வெளியே வந்தது இதற்காகத்தான். எழுதுவது திறந்தமூலமாக இருந்தாலும், பெரும்பாலான மடிக்கணினிகளில் சில்லு செய்தவரின் கையொப்பம் அதில் இருந்தால்தான் சில்லு அதை ஏற்கும். பழைய கர்னல் இந்தக் குட்டிச் செயலியைக் கண்டுகொள்ளாமல், பழைய டிரைவரை வைத்தே ஸ்பீக்கரை ஓட்டிக்கொண்டிருந்தது. மைக் வேலை செய்யாது, ஆனால் பேசும். புதிய கர்னல் 'ஓ, டிஜிட்டல் மைக் இருக்கிறதே' என்று கண்டுபிடித்துப் புதிய டிரைவரைத் தேர்ந்தெடுத்தது. அதற்கு வேண்டிய ஃபர்ம்வேர் வட்டில் இல்லை. ஆகவே ஸ்பீக்கரும் போனது. மைக்கும் வரவில்லை.

புதிய டிரைவர் நல்லதுதான். மைக்கை வேலை செய்ய வைக்க வேண்டும் என்று யாரோ உழைத்திருக்கிறார்கள். அதில் எனக்குக் குறையில்லை. எனக்குக் குறை அடுத்து நடந்ததில்.

ஒலி அட்டையே கிடைக்காவிட்டால் லினக்ஸ் மேசைத்தளம் என்ன செய்யும் தெரியுமா? 'டம்மி அவுட்புட்' என்று ஒன்றை உருவாக்கி வைத்துக்கொள்ளும். பாட்டைப் போட்டால் நேரம் ஓடும், பட்டை நகரும், ஒலி பாழுங்கிணற்றில் போய் விழும். பாட்டு நிரல் பிழை கொடுக்காமல் ஓடட்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. ஓர்காவுக்கும் இதே கதிதான். அது ஒன்பது நாளும் அண்ணாச்சியிடம் பேசிக்கொண்டேதான் இருந்தது. 'கடவுச்சொல்', 'மேசைத்தளம்', 'மின்னஞ்சல் மூன்று' என்று எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லி, அந்தக் கிணற்றில் போட்டுக்கொண்டிருந்தது. தான் சொல்வது யாருக்கும் கேட்கவில்லை என்று அதற்கே தெரியாது. சாதனம் ஏற்றுக்கொண்டதே, அப்புறம் என்ன?

திரைக்கு என்ன நடக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். கிராஃபிக்ஸ் டிரைவர் சரியாக ஏறவில்லை என்றால், கணினியின் அடிப்படை மென்பொருள் கொடுக்கும் சாதாரணப் படச்சட்டத்தை வைத்து ஏதோ ஒரு காட்சியைக் கொண்டுவந்துவிடப் பார்க்கும். தெளிவு குறையும், எழுத்து பெரிதாகத் தெரியும். அதுவும் இல்லையென்றால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாவது வரும். பார்வை உள்ளவனுக்கு இப்படி அடுக்கடுக்காய்ப் படுதா போட்டு வைத்திருக்கிறார்கள். பார்வை இல்லாதவனுக்கு ஒரே ஒரு டம்மி. எங்கள் எக்ஸ்சேஞ்சில் இரண்டாவது ரிங்கர் மெஷின் இருந்த இடத்தில், 'மெஷின்' என்று எழுதிய அட்டைப்பெட்டியை வைத்தது போல.

அன்று ராத்திரிக்கு வருகிறேன். ஃபர்ம்வேர் பொட்டலம் இருந்த கிடங்கு அவருடைய கணினியில் திறந்திருக்கவில்லை. அதைத் திறந்து, பட்டியலைப் புதுப்பித்து, பொட்டலத்தை இறக்க வேண்டும். அவ்வளவையும் கேட்காமல் அடிப்பது கஷ்டம். அதனால் முதலில் குறுக்கு வழி. பழைய டிரைவரையே பயன்படுத்து என்று கர்னலுக்குச் சொல்லும் ஒரே வரி. அதை மாட்யூல் அமைப்புகள் இருக்கும் அடைவில் ஒரு கோப்பாக எழுத வேண்டும். 'டிஎஸ்பி டிரைவர் சமம் 1' என்று முடியும் அந்த வரி. இப்படிச் செய்தால் ஸ்பீக்கர் வரும், மூடியிலுள்ள மைக் வராது என்று எச்சரித்தேன். "முதல்ல பேசட்டும்வே, அப்புறம் கேக்கட்டும்" என்றார்.

ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். 'டி ஃபார் டெல்லி, எஸ் ஃபார் சிங்கப்பூர், பி ஃபார் பாட்னா'. முப்பது வருட ஆபரேட்டர் அல்லவா, ஒவ்வொன்றையும் அதே ராகத்தில் திருப்பிச் சொல்லி அடித்தார். ஓரிடத்தில் ஹைஃபனா அண்டர்ஸ்கோரா என்று இரண்டு பேருக்குமே தகராறு. மதினி கைப்பேசியை இன்னும் கிட்டக் கொண்டுபோக, படம் முழுக்க மங்கலாகி, "ஏட்டி, கொஞ்சம் தள்ளிப் பிடி" என்று அண்ணாச்சி சத்தம் போட்டார். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. நான் 'ம்ச்' கொட்டியது கேட்டிருக்கும்.

ரீஸ்டார்ட். காத்திருந்தோம். போனில் மூன்று பேர் மூச்சு மட்டும். பிறகு, அந்தத் தகரத் தொண்டை: 'ஸ்கிரீன் ரீடர் ஆன்.'

மதினி அழுதுவிட்டார்கள். அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. நாளிதழைத் திறந்து படிக்க விட்டார். அதை நானும் போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் பகலில் ஃபர்ம்வேரையும் இறக்கி, குறுக்கு வரியை எடுத்துவிட்டோம். மைக்கும் வந்தது.

மொத்தப் பழுதும் ஒரு கோப்பு. அதற்கு ஒரு மனிதர் ஒன்பது நாள் இருட்டில் இருந்தார். இதைத்தான் 'சவுண்டுதானே' என்கிறோம்.

சரித்திரத்தையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். லினக்ஸுக்கு ஒலி வந்தது 1990-களின் தொடக்கத்தில், பின்லாந்துக்காரர் ஹன்னு சவோலைனனின் டிரைவர்களால். பிறகு அது ஓ.எஸ்.எஸ். என்று பெயர் பெற்றது. செக் நாட்டு யாரோஸ்லாவ் கைசெலா 1998 வாக்கில் அல்சாவைத் தொடங்கினார். 2003 டிசம்பரில் வந்த 2.6 கர்னலில் அதுதான் முறையான ஏற்பாடு. அல்சா நெடுங்காலம் எல்லா வாய்க்கால்களையும் ஊமையாக வைத்தே பிறந்தது என்பது ஒரு தனி அழகு. நிறுவியதும் அல்சாமிக்சரைத் திறந்து, 'எம்.எம்.' என்று காட்டும் பட்டைகளை எம் விசையால் ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். திடீரென்று ஸ்பீக்கர் அலறிவிடக்கூடாதாம். கண்ணுள்ளவர்களுக்கு அது நியாயமான ஜாக்கிரதை. பேசினால்தான் பார்க்க முடியும் என்பவருக்கு? ஊமையை எடுக்கும் விசையைத் தேடவே பேச்சு வேண்டுமே.

அதற்கு மேல் வந்தது பல்ஸ்ஆடியோ. 2007-ல் ஃபெடோரா 8-லும், 2008-ல் உபுண்டு 8.04-லும் அதை இயல்பாக வைத்தார்கள். அந்தக் காலத்தில் லினக்ஸ் வைத்திருந்த யாரிடமும் அதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், காதில் விழக்கூடாத வார்த்தைகள் விழும். ஒவ்வொரு பயனருக்கும் ஒரு பல்ஸ்ஆடியோ என்பது அதன் ஏற்பாடு. அதனால் கறுப்புத் திரையில் பேசும் நிரலும், வரைகலைத் திரையில் பேசும் ஓர்காவும் ஒரே ஒலி அட்டைக்காக அடித்துக்கொண்டன. ஒன்று பிடித்துக்கொண்டால் மற்றது ஊமை. இப்போது பைப்வயர். 2021-ல் ஃபெடோரா 34-லும், 2022-ல் உபுண்டு 22.10-லும் அதுவே இயல்பு. இதைக் குறை சொல்ல மனசு வரவில்லை. பழைய நிரல்கள் அப்படியே ஓடும்படி பார்த்துக்கொண்டு, சந்தடியில்லாமல் வந்து உட்கார்ந்தது. மாற்றம் என்றால் இப்படிச் செய்ய வேண்டும். ஃப்ரீபி.எஸ்.டி.க்காரர்கள் இன்றைக்கும் அந்த ஓ.எஸ்.எஸ். இடைமுகத்தையே வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன். இயல்பான ஒலி அட்டையை மாற்ற அங்கே ஒரே ஓர் எண்ணை மாற்றினால் போதும்.

என்னோடு வாதாடுகிறவர்கள் சொல்வது மூன்று விஷயம்.

சம்பளம் வாங்காமல் செய்கிறார்கள், அவர்களைக் கேள்வி கேட்கலாமா என்பது ஒன்று. கேட்கலாம். கோயிலில் சும்மா அன்னதானம் போடுகிறார்கள் என்பதற்காகப் படியில்லாத மேட்டில் இலை போட்டால், ஊன்றுகோலோடு வந்தவர் வாயை மூடிக்கொண்டு திரும்ப வேண்டியதில்லை. மேலும், கர்னலில் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் இன்று நிறுவனச் சம்பளக்காரர்கள்தான்.

வன்பொருள் விவரத்தை நிறுவனங்கள் மறைக்கின்றன, நாங்கள் என்ன செய்வோம் என்பது அடுத்தது. இது உண்மை. ஒரே ஒலிச் சில்லை ஒவ்வொரு மடிக்கணினிக்காரரும் தன் இஷ்டத்துக்கு ஒயர் பண்ணிவிட்டு, எந்தக் காலில் ஸ்பீக்கர் இருக்கிறது என்பதைத் தப்பாக எழுதி வைக்கிறார். அதைத் திருத்தத் திருத்தக் கர்னலில் விதிவிலக்குப் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. அந்தப் பட்டியலை எழுதுகிறவர்களுக்குக் கோயில் கட்டலாம். ஆனால் நான் கேட்பது எல்லா அட்டையும் வேலை செய்ய வேண்டும் என்று இல்லை. வேலை செய்யாதபோது பொய் சொல்லாதே என்கிறேன். நேற்று பேசிக்கொண்டிருந்த கணினி இன்று டம்மியில் விழுந்தால், அதைக் கணினி கவனிக்காமலா இருக்கும்? நேற்றைய கர்னல் வட்டில் அப்படியே இருக்கிறது. தன் டிரைவருக்கு எந்த ஃபர்ம்வேர் வேண்டும் என்பதைப் பல மாட்யூல்கள் தம் வயிற்றிலேயே எழுதி வைத்திருக்கின்றன. சில வழங்கல்களில் மேம்படுத்தும்போது 'இந்த ஃபர்ம்வேரைக் காணோம் போலிருக்கிறதே' என்று ஒரு எச்சரிக்கைகூட ஓடும். திரையில்தான் ஓடும், நிற்காமல் ஓடும். பேச்சை நம்பி ஒருவர் இருக்கிறார், ஓர்கா ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தும், ரீஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் 'ஐயா, இதைச் செய்தால் நான் ஊமையாகிவிடக் கூடும்' என்று பேச்சு இருக்கும்போதே சொல்ல என்ன தடை?

செய்ய முடியாத காரியம் இல்லை என்பதற்கு டெபியனின் நிறுவியே சாட்சி. அதன் முதல் பட்டியல் தயாரானதும் ஒரு 'பீப்' கொடுக்கும். எஸ் அழுத்தி என்டர் தட்டினால் பேசத் தொடங்கும். கணினியில் இரண்டு மூன்று ஒலி அட்டைகள் இருந்தால் ஒவ்வொன்றிலும் பேசிப் பார்க்கும். உனக்கு வேண்டியதில் கேட்கும்போது என்டர் அழுத்து என்று சொல்லும். எனக்கு முதன்முதலில் இதைக் கேட்டபோது புல்லரித்தது. யாரோ ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து யோசித்திருக்கிறார். 2022-ல் அவர்களே ஓட்டெடுப்பு வைத்து, கொள்கையைக் கொஞ்சம் தளர்த்தி, 2023-ல் வந்த டெபியன் 12 முதல் ஃபர்ம்வேரையும் நிறுவியோடு சேர்த்தே கொடுக்கிறார்கள். சுதந்திர மென்பொருள் வைதிகர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும். நிறுவும் நாளில் இவ்வளவு செய்யத் தெரிந்த சமூகத்துக்கு, நிறுவி மூன்று வருடம் கழித்து ஒரு மேம்படுத்தலில் ஊமையாகும்போது செய்யத் தெரியாதா?

மூன்றாவது விஷயம்தான் எனக்கு எரிச்சலூட்டுவது. 'ரீஇன்ஸ்டால் பண்ணிடுங்க அங்கிள்.' எதற்கெடுத்தாலும் இதுதான் மருந்து. அண்ணாச்சி கணினியில் ரீஇன்ஸ்டால் செய்திருந்தால் அதே ஃபர்ம்வேர் அதே மாதிரி இல்லாமல்தான் இருந்திருக்கும். கூடவே அவருடைய நூற்றிருபது பக்கமும் போயிருக்கும். எக்ஸ்சேஞ்சில் ஒரு லைன் போனால் ராக்கையே பிடுங்கிப் போடுவோமா? எங்கே வரை டோன் வருகிறது, எங்கே நிற்கிறது என்று டெஸ்ட் ரிசீவரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகப் போவோம். இதற்கும் அதே வழிதான். ஏ-பிளே கட்டளைக்கு எல் போட்டு அடித்தால் கர்னலுக்கு அட்டை தெரிகிறதா என்று தெரியும். தெரியவில்லை என்றால் கோளாறு கீழே, டிரைவரிலோ ஃபர்ம்வேரிலோ. டி.எம்.இ.எஸ்.ஜி.யைப் படிக்க வேண்டும். தெரிகிறது, ஆனால் சத்தம் இல்லை என்றால் கோளாறு மேலே. அல்சாமிக்சரில் எஃப் 6 அழுத்திச் சரியான அட்டையைத் தேர்ந்து, ஊமையாகி இருக்கிறதா, ஆட்டோ மியூட் ஹெட்ஃபோன் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுவும் சரியென்றால், ஒலி ஹெச்.டி.எம்.ஐ. வழியாக இல்லாத டி.வி.க்குப் போய்க்கொண்டிருக்கும். நான் பார்த்ததில் பாதிக்கு மேல் இந்தக் கடைசி ரகம். பத்து நிமிட வேலை. கல்யாண வீட்டுப் பையனுக்கும் இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

என் பங்குத் தப்பையும் சொல்லிவிட வேண்டும். அன்று ராத்திரி அவ்வளவு பாடுபட்டிருக்க வேண்டியதே இல்லை. பழைய கர்னல் வட்டிலேயே இருந்தது. துவக்கப் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்திருந்தால் அரை நிமிடத்தில் பேசியிருக்கும். எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும், அந்தப் பட்டியலைக் காட்டாமல் மறைத்து வைத்ததும் நான்தான். 'வேகமாகத் துவங்கும் அண்ணாச்சி' என்று பெருமையாகச் செய்து கொடுத்தது. அவரை அந்தக் கணினிக்கு மாற்றியதும் நான், பின்வாசலைப் பூட்டியதும் நான். மேம்படுத்தல் செய்கிறவர்களைத் திட்டும்போது இது உறுத்தாமல் இல்லை.

இப்போது அவருடைய கணினியில் துவக்கப் பட்டியல் பத்து விநாடி நிற்கிறது. ஆன் செய்து, மனசுக்குள் ஐந்து எண்ணி, கீழ் அம்பு, என்டர், கீழ் அம்பு, கீழ் அம்பு, என்டர். முந்தைய கர்னல் வந்துவிடும். இதை அவர் ஒரு பழைய டிரங்க் நம்பரைப் போல மனப்பாடமாக வைத்திருக்கிறார். மேசை டிராயரில் யு.எஸ்.பி. ஒலிக் குச்சி ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறேன். சில நூறு ரூபாய்தான். அதற்குத் தனி டிரைவரோ ஃபர்ம்வேரோ தேட வேண்டாம். செருகினால் பெரும்பாலும் பேசிவிடும். அதுதான் எங்கள் இரண்டாவது ரிங்கர் மெஷின். திரைவாசிப்பானை நம்பியிருக்கும் யாருக்காவது நீங்கள் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தால், இன்றைக்கே போய் இந்த இரண்டையும் செய்துவிட்டு வாருங்கள்.

இருந்தாலும் மேம்படுத்தல் என்று பெட்டி சொன்னால் அண்ணாச்சி இன்றைக்கும் தானாக அழுத்துவதில்லை. எனக்குப் போன் வரும். "தம்பி, ஏதோ வந்திருக்காம். போடவா?" நான் சட்டையை மாட்டிக்கொண்டு, சைக்கிளை எடுத்துப் பாலத்தைத் தாண்டிப் போய், பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் என்டரைத் தட்டுவார். நாளைக் காலையிலும் போக வேண்டியிருக்கிறது. நேற்று ஒன்று வந்திருக்கிறதாம்.